கூரை சொன்ன சாட்சி: திருகோணமலையில் ஒரு பழைய பீரங்கி நிலையின் வரலாற்றை எழுதிய அனுபவம்

இந்தப் பதிவு எதைப் பற்றியது

திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலைப் பார்த்தபடி பழைய கொங்கிறீட் பீரங்கி நிலை ஒன்று இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து அதன் வரலாற்றை எழுத முயன்றோம். ஒரு கண்காட்சிக்கு விளக்கப் பலகை ஒன்று, அதோடு நான்கு பக்கக் கையேடு. இரண்டு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை பதினான்கு மாதம் இழுத்தது. பெரிய பிழை ஒன்றை அச்சாகும் முன் பிடித்துவிட்டோம். இன்னொரு பிழையைச் செய்து முடித்த பிறகுதான் உணர்ந்தோம், அதை இனித் திருத்த வழியில்லை. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

இடம் பாதுகாப்பு வேலிக்குள் இருக்கிறது. அனுமதி தந்தவர்கள் கேட்டுக்கொண்டபடி எந்த முனையில் என்று சொல்லவில்லை. இதில் வரும் ஆட்களின் பெயர்களையும் தரவில்லை.

பின்னணி

ஆழமான இயற்கைத் துறைமுகம் என்பதால்தான் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர் என்று பலரும் திருகோணமலைக்கு மோதிக்கொண்டார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்களுக்கு முன்பே பிரெட்ரிக் கோட்டையும் ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் இருந்தன. கல்லால் கட்டிய உயரமான மதில்கள், மேலே வரிசையாகப் பீரங்கிகள் என்பது அந்தக் காலத்து முறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பீரங்கிக் குழலுக்குள் புரி வெட்டத் தொடங்கியதும் அந்த முறை செல்லாமல் போனது. சுழன்று வரும் கூர்முனைக் குண்டுக்கு முன் நிமிர்ந்து நிற்கும் கல் மதில் தாங்காது. அதனால் பீரங்கியை மதிலின் மேலிருந்து இறக்கினார்கள். நிலத்தோடு நிலமாகக் குழி வெட்டி, முன்புறம் தடித்த கொங்கிறீட் போட்டு, அதற்கும் முன்னால் மண்ணைச் சரித்துவிட்டார்கள். கடலில் இருந்து பார்த்தால் ஒரு மேடு போலத்தான் தெரியும். குண்டுகளும் வெடிமருந்தும் நிலத்துக்கு அடியில் தனித்தனி அறைகளில் இருக்கும்.

பிரித்தானியப் பேரரசின் துறைமுகங்களில் 1900க்குப் பிறகு பரவலாக வந்தது 6 அங்குலப் பீரங்கி, அதாவது குழலின் வாய் 6 அங்குல அகலம். அதன் குண்டு 100 இறாத்தல், ஏறத்தாழ 45 கிலோ. பீரங்கியைத் தூக்கிப் பிடிக்கும் இரும்பு அடிப்பாகத்தைத் தாங்கி என்பார்கள். பழைய தாங்கியில் வைத்தால் குழல் சுமார் 20 பாகைக்கு மேல் உயராது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி ஒரு இடைவெளி. 1905ஐ ஒட்டி, அட்மிரல் பிஷர் பிரித்தானியக் கடற்படையைச் சீரமைத்தபோது திருகோணமலைக் கப்பல் தளமும் மூடப்பட்டது. கப்பல்களைத் தாயகக் கடலுக்கு இழுப்பதுதான் அவருடைய நோக்கம். ஒன்பது வருடம் கழித்து, 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஒற்றை ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. துணிந்த கெட்டிக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கு அப்படித்தான் தமிழுக்கு வந்தது. கரைப் பீரங்கிகள் யாரை மனதில் வைத்துக் கட்டப்பட்டன என்று கேட்டால், இப்படித் திடீரென்று வந்து சுட்டுவிட்டு ஓடும் எம்டன்களைத்தான்.

இரு உலகப் போர்களுக்கும் இடையில், துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன, தளமும் மீண்டும் உயிர் பெற்றது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் கொழும்பும் திருகோணமலையும் முன்வரிசைக்கு வந்துவிட்டன. ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் ஏப்ரல் 9 அன்று திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் அப்போது ஒரு விமானம்கூட இருக்கவில்லை.

1956இல் பிரித்தானியா தன் கரைப் பீரங்கிப் படையைக் கலைத்தது. அடுத்த ஆண்டு திருகோணமலைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஊர் சொன்ன கதை

நாங்கள் தொடங்கும்போது எங்களிடம் இருந்தது இந்தப் பெரிய வரலாறும், ஊரில் உலவிய மூன்று பேச்சுகளும்தான்.

இங்கிருந்துதான் வெள்ளைக்காரன் ஜப்பான்காரனின் விமானங்களைச் சுட்டு விழுத்தினான் என்பது முதல் பேச்சு. உள்ளே ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது, அது நிலத்துக்கு அடியால் பிரெட்ரிக் கோட்டை வரை போய்க் கோணேசர் கோயிலுக்குக் கீழே முடிகிறது என்பது இரண்டாவது. மூன்றாவதை இளையவர்கள் சொன்னார்கள்: அது 'பங்கர்', நம்முடைய போர்க்காலத்தில் கட்டியது. முப்பது வருடப் போரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நிலத்துக்குள் போகும் கொங்கிறீட் எல்லாமே பங்கர்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

முதல் பேச்சுக்கு ஒரு பலமான சாட்சி இருந்தது. தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி, சிறு பிள்ளையாக இருந்தபோது அந்தப் பீரங்கி சுட்ட சத்தத்தைத் தன் காதால் கேட்டவர். அவருடைய மகன் ஓய்வுபெற்ற அதிகாரி, எங்கள் ஐவரில் ஒருவர். அம்மாவின் கதையைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்று முதலில் கேட்டவரும் அவர்தான்.

ஆகவே இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே பலகைக்கான வாசகம் தயாராகிவிட்டது: '1942இல் ஜப்பானிய விமானங்களை எதிர்த்துச் சுட்ட பீரங்கி நிலை.' நானும் அதற்குச் சம்மதித்தேன். இரண்டு தகவல் இருந்தது, இரண்டும் உண்மை: பீரங்கி இருந்தது, விமானங்கள் வந்தன. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்றாவது தகவல் எங்கே என்று அன்று யாரும் கேட்கவில்லை.

முதல் இரண்டு நாள்: கண்டவை

அனுமதி கிடைத்தது மாதத்தில் ஒரு நாள், காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. கைபேசியை வாயிலிலேயே கொடுத்துவிட வேண்டும், படம் எடுக்கக் கூடாது. அளவு நாடா, அடிமட்டம், கொப்பி, பென்சில் இவ்வளவுதான் கொண்டுபோகலாம். அப்போது அது பெரிய இடைஞ்சலாகத் தெரிந்தது. ஆனால் படம் எடுக்க முடியாததால் ஒவ்வொரு சுவரையும் நின்று பார்த்து வரைய வேண்டியிருந்தது. வரைகிறவன் கண்ணுக்குத் தெரிவது படம் எடுப்பவனுக்குத் தெரிவதில்லை.

முதல் நாள் முழுக்கப் பற்றை வெட்டுவதிலும் தரையில் கிடந்த மண்ணை அள்ளுவதிலும் போனது. வடிவம் இப்படி: அரைவட்டமான ஒரு மேடை, அதன் முன்புறம் மார்பளவுச் சுவர். மேலே மூன்று பக்கம் தாங்கிய தடித்த கூரை, கடல் பக்கம் மட்டும் திறப்பு. பின்னால் இறங்கும் படிகள், கீழே இரண்டு அறை, ஒரு ஒடுங்கிய நடை. பீரங்கி இல்லை. அது எப்போது கழற்றப்பட்டது என்று சொல்ல ஒரு தடமும் இல்லை.

இரண்டாம் நாள் எங்கள் குழுவில் இருந்த புவியியல் ஆசிரியை, தன் வீட்டைக் கட்டிய மேசனைக் கூட்டிக்கொண்டு வந்தார். எழுபது தாண்டியவர். பீரங்கியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு இடத்தில் வைத்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு, "இது ஒரே காலத்து வேலை இல்லைத் தம்பி" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. கிட்ட வரச் சொல்லிக் காட்டினார். கீழ்ச் சுவரில் இருந்தது கடற்கரையின் உருண்டைக் கல், இடையிடையே வெள்ளையாகச் சிப்பித் துண்டு. அந்தச் சுவரில் கம்பி இல்லை. கூரையிலும் அதைத் தாங்கும் பக்கச் சுவரின் மேற்பகுதியிலும் இருந்தது உடைத்த கருங்கல் சல்லி, உள்ளே இரும்புக் கம்பி. கம்பி துருப்பிடித்துப் பருத்து, கொங்கிறீட்டைத் தகடு தகடாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. "கம்பி இல்லாதது நிக்குது, கம்பி போட்டதுதான் வெடிக்குது. உப்புக்காத்து கம்பியைத்தான் தின்னும்" என்றார். இரண்டு வேலையும் சந்திக்கும் இடத்தில் சுவரைச் சுற்றி ஒரு கோடு ஓடியது. அதன் வழியே சுண்டுவிரல் நுனி போகும். அந்தக் கோட்டை நான் முதல் நாளே பார்த்திருந்தேன், வெடிப்பு என்று எழுதி வைத்திருந்தேன்.

அதன் பிறகு தரையை மீண்டும் கூட்டிக் கழுவினோம். பீரங்கித் தாங்கியை இறுக்கிப் பிடிக்கத் தரையில் வட்டமாக ஆணிகள் புதைப்பார்கள். எங்கள் மேடையில் இரண்டு வட்டம் இருந்தது. வெளி வட்டத்தின் ஆணிகள் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. உள் வட்டத்தின் ஆணிகள் தரையோடு தரையாக அறுக்கப்பட்டு, மேலே சாந்து பூசப்பட்டிருந்தன. கால் படும் இடங்களில் சாந்து தேய்ந்து, காசு அளவில் துரு வட்டங்கள் தெரிந்தன. இரண்டுக்கும் மையம்கூட ஒன்றல்ல, ஏறத்தாழ ஒரு முழம் விலகியிருந்தது.

ஆக, ஒரே இடத்தில் இரண்டு காலத்துப் பீரங்கி நிலைகள் ஒன்றன் மேல் ஒன்று. 1905இல் தளம் மூடப்பட்டதும் பின்னர் மீண்டும் திறக்கப்பட்டதும் அதுவரை புத்தகத்தில் படித்த செய்தி. அன்று அது ஆணியாகத் தரையில் கிடந்தது.

கூரை

விமானக் கதையை உடைத்தது குழுவில் இளையவரான ஒரு பல்கலைக்கழக மாணவி. அவர் உடைக்க வேண்டும் என்று செய்யவில்லை. பீரங்கிக் குழல் எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று பார்க்க, விளக்குமாற்றின் நீளத் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளி வட்டத்தின் நடுவில் நின்றார். கடலைப் பார்த்துத் தடியை நீட்டினார். "சரி, விமானம் வருது, சுடுங்கோ" என்று யாரோ சொன்னோம். தடியை மெல்ல உயர்த்தினார். அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் தடியின் நுனி கூரையின் விளிம்பில் முட்டி நின்றது.

சற்று நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு அளந்தோம். நடுவில் இருந்து கூரை விளிம்பு எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று எடுத்துக் கணக்குப் போட்டால், குழல் 25 பாகைக்கு மேல் உயர இடமே இல்லை. வெளி வட்டத்தின் அளவு 6 அங்குலப் பீரங்கிக்குப் பொருந்தியது, அதன் பழைய தாங்கி உயர்வதும் சுமார் 20 பாகைதான். தலைக்கு மேலே பறக்கும் விமானத்தை இந்தப் பீரங்கியால் பார்க்கவே முடியாது. வானத்தைச் சுடும் பீரங்கிக்கு மேலே திறந்த குழி வேண்டும். இங்கே கூரை போட்டதே விமானத்தில் இருந்து விழும் குண்டுக்கும் சூட்டுக்கும் பயந்துதான். 1940களில் பிரித்தானியக் கரைப் பீரங்கிகள் பலவற்றுக்கு இப்படிக் கூரை போட்டார்கள். விமானத்தை அடித்ததற்கு அடையாளம் என்று நாங்கள் நினைத்த அதே கட்டடம், விமானத்திடம் இருந்து ஒளிந்துகொள்ளக் கட்டிய கட்டடம்.

1942 ஏப்ரல் 9 அன்று நடந்ததும் இதோடு ஒத்துப்போகிறது. விமானங்கள் கடலில் வெகுதூரத்தில் நின்ற கப்பல்களில் இருந்து வந்தன. அந்தக் கப்பல்கள் கரைப் பீரங்கி எட்டும் தூரத்துக்கு வரவே இல்லை.

சுரங்கப் பாதைக் கதை அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. படி இறங்கியதும் வரும் ஒடுங்கிய நடை 31 அடியில் ஒரு முழுச் சுவரில் முடிந்தது. அடைத்த தடம் எதுவும் இல்லை. அதன் ஒரு பக்கச் சுவரில் சிறு மாடங்கள், மாடத்தின் மறுபக்கம் வெடிமருந்து அறை. இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி பொருத்திய காடி இன்னும் இருந்தது. மருந்து அறைக்குள் விளக்கோடு போக முடியாது, ஒரு பொறி போதும். அதனால் விளக்கேற்றுபவர் இந்தத் தனி நடையால் போய், கண்ணாடிக்கு வெளியே மாடத்தில் விளக்கை வைப்பார். வெளிச்சம் மட்டும் உள்ளே போகும். கோணேசர் கோயிலுக்குப் போகும் சுரங்கத்தைவிட இது எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது. எரியும் விளக்குக்கும் வெடிமருந்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு, அதை நம்பி உள்ளே வேலை செய்த ஆட்கள்.

முதல் முடிவு: பலகையை நிறுத்துதல்

கண்காட்சிக்கு ஐந்து வாரம் இருந்தது. வாசகம் அச்சகத்தில். ஏற்பாட்டாளர்கள், 'சிறு திருத்தம்தானே, பிறகு பார்க்கலாம்' என்றார்கள். குழுவிலும் இரண்டு பேருக்கு அதே எண்ணம்.

நிறுத்துவோம் என்று நான் சொன்னதற்குக் காரணம் ஒன்றுதான். பலகையைப் பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். கொப்பியில் ஏறியதைப் பிறகு யாரும் திருத்தப் போவதில்லை. வாக்குவாதம் நீண்டது. கடைசியில் பழைய வாசகத்தைத் திரும்பப் பெற்று, மேடையின் கைவரைபடத்தையும் 'ஆய்வு நடைபெறுகிறது' என்ற ஒரு வரியையும் மட்டும் வைத்தோம். ஏற்பாட்டாளர்களுக்கு வருத்தம்தான். எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி வெறுமையாக இருந்தது.

திருத்த முடியாத பிழை

மூன்றாம் முறை போனபோது நடந்தது இது. குண்டு அறையின் சுவரில் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஓரிடத்தில் அது உரிந்து, அடியில் கறுப்புப் பெயின்ற் எழுத்துகள் தெரிந்தன. பெரிய ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் எண்கள் போல ஏதோ. பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும், படம் எடுக்க முடியாது, வரைவதற்கு எழுத்து முழுதாகத் தெரியவில்லை. பற்றை வெட்டிய சாமான்களோடு ஒரு கம்பித் தூரிகை கிடந்தது. நான் அதை எடுத்துச் சுண்ணாம்பைத் தேய்த்தேன்.

சுண்ணாம்பு வந்தது. அதோடு பெயின்றும் வந்தது. நான்கைந்து தேய்ப்பில் குண்டைக் குறிக்கும் SHELL என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் இருந்த எண்கள் தூளாகத் தரையில் விழுந்தன. அவை குண்டின் எடையா, வகையா, எண்ணிக்கையா, ஒரு ஆண்டா? இனிச் சொல்ல முடியாது. அந்தக் கட்டடத்தில் எழுத்தாக இருந்த ஒரே சாட்சி அது என்று பிறகு முழுவதும் தேடிப் பார்த்தபோது தெரிந்தது. எண்பது, நூறு வருடம் உப்புக்காற்றில் தப்பியதை அரை நிமிடத்தில் அழித்தேன். அவசரம் காரணம் என்று சொல்லலாம். ஆனால் மறு மாதமும் அனுமதி இருந்தது, சுவரும் அங்கேயேதான் நின்றிருக்கும்.

அன்று பின்னேரமே ஐந்து பேரும் கூடி, இனி எந்தப் பரப்பையும் கையால்கூடச் சுத்தம் செய்வதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

ஆச்சியின் சாட்சி

அடுத்து ஆச்சியிடம் போக வேண்டும். மகனுக்கு அது பிடிக்கவில்லை. "அம்மாவைப் பொய் சொன்ன ஆளாக்கப் போறீங்களோ?" என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கூரையை அளந்துவிட்டு வந்து ஒரு மூத்த மனுசியிடம் நீங்கள் கேட்டது பிழை என்று சொல்வது முறையல்ல.

ஆசிரியைதான் ஒரு வழி சொன்னார். ஜப்பானைப் பற்றியோ விமானத்தைப் பற்றியோ நாங்கள் வாயே திறக்கக் கூடாது. அந்தச் சத்தம் கேட்கும்போது வீட்டில் என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்க வேண்டும்.

அப்படியே கேட்டோம். ஆச்சி சொன்னார்: சத்தம் வருவதற்கு முதல் ஒரு ஆள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து, யன்னல் எல்லாவற்றையும் திறந்து வையுங்கோ என்று சொல்லிவிட்டுப் போவான். அம்மா ஓடிப்போய்த் தட்டில் இருக்கும் பீங்கான்களை இறக்கிப் பாயில் வைப்பா. ஆச்சியும் தம்பியும் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். இடி போல ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, எண்ணிக்கொண்டு இருப்பார்கள். இது எத்தனை முறை நடந்தது என்று ஆசிரியை கேட்டார். "கன தரம்" என்றார்.

விமானங்கள் வந்த நாளைப் பற்றி அவராகவே தொடங்கினார். அது வேறு மாதிரி. யாரும் வந்து சொல்லவில்லை. யன்னல் பூட்டியபடி இருந்தது, இரண்டு கண்ணாடி உடைந்தது. சீனக்குடாப் பக்கம் கறுப்புப் புகை. அன்று ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்து எரிந்தது, அதன் புகையாக இருக்கலாம். அடுத்த நாள் விடிய மாட்டு வண்டியில் ஊரை விட்டு வெளிக்கிட்டார்கள்.

யன்னலைத் திறக்கச் சொல்லி ஆள் வருகிறான் என்றால் எப்போது சுடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அது பயிற்சிச் சூடு. பெரிய பீரங்கி சுடும்போது காற்றின் அதிர்ச்சியில் பூட்டிய யன்னலின் கண்ணாடி உடையும், திறந்திருந்தால் தப்பும். ஆச்சி கேட்ட சத்தம் உண்மை. குண்டு வந்த நாளும் உண்மை. இரண்டும் வேறு வேறு நாள். எண்பது வருடம் வீட்டில் சொல்லிச் சொல்லி அவை ஒன்றாகிவிட்டன. அதைச் சேர்த்தது ஆச்சிகூட இல்லை.

மகன் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே கேட்டார்: "அப்ப விமானத்தைச் சுட்டது எண்டு சொன்னீங்களே அம்மா?" ஆச்சி அவரைப் பார்த்தார். "நான் கேட்டது சத்தம். ஆரைச் சுட்டவங்கள் எண்டு எனக்கு ஆர் வந்து சொன்னது?"

எழுதிய விதமும் அதன் பிறகும்

இடையில், இலண்டனில் இருக்கும் ஒருவரின் மருமகள் அங்கே கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எங்களுக்காக மூன்று நாள் போனார். துறைமுகப் பாதுகாப்பைப் பற்றிய கடிதங்கள் கிடைத்தன, எங்கள் நிலையின் வரைபடம் கிடைக்கவில்லை. சுட்டவர்கள் யார் என்றும் தேடினோம். இலங்கை இளைஞர்களைக் கொண்ட சிலோன் கரிசன் ஆட்டிலறி என்ற படையணி அப்போது இருந்தது. அதைப் பற்றிக் கேட்டால் 1942 மே மாதம் இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவில் அதன் வீரர்கள் சிலர் செய்த கலகத்தையும் தூக்கிலிடப்பட்ட மூவரையும்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நம்முடைய துறைமுகத்தில் குண்டு தூக்கிய ஒரு ஆளின் பெயரையும் யாரும் சொல்லவில்லை. பதினான்கு மாதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். கொங்கிறீட் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும், அந்த ஆட்களைத் தெரிந்தவர்கள் நிற்க மாட்டார்கள்.

கையேட்டில் மூன்று பகுதி வைத்தோம்: கட்டடத்தில் கண்டது, ஆட்கள் நினைவில் இருப்பது, நாங்கள் ஊகிப்பது. ஆச்சியின் சாட்சி அவருடைய சொற்களிலேயே, யன்னலும் பீங்கானுமாக இரண்டாம் பகுதியில் போனது. பயிற்சிச் சூடு என்ற விளக்கம் மூன்றாம் பகுதியில். கம்பித் தூரிகையால் நான் அழித்ததை முதல் பகுதியிலேயே எழுதினோம். அதைப் போட வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். போடாவிட்டால், அந்தச் சுவரில் எழுத்தே இருக்கவில்லை என்று பின்னால் வருபவர் நினைத்துக்கொள்வார்.

பலகையின் புதிய வாசகம் நான்கு வரி. 'கப்பல்களை எதிர்த்துக் கட்டப்பட்டது. இரு காலங்களில் கட்டிய தடம் உண்டு. கூரை வானத் தாக்குதலில் இருந்து காக்கப் போடப்பட்டது. 1942 ஏப்ரல் 9 தாக்குதலில் இங்கிருந்து சுடப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை.' அடுத்த கண்காட்சியில் வைத்தபோது சிலருக்கு ஏமாற்றம். ஒரு பெரியவர், "அப்ப இது சும்மாவா நிண்டது?" என்று கேட்டார். எதிரிக் கப்பல் கிட்ட வராமல் இருப்பதற்கே ஒரு பீரங்கி போதும் என்று ஆசிரியை சொல்லிப் பார்த்தார். அவர் திருப்தியாகப் போகவில்லை. மகன் மட்டும் ஒன்று செய்தார்: தான் முன்பு கதை சொன்ன பாடசாலைக்குத் திரும்பப் போய், யன்னல் கதையைச் சொல்லிவிட்டு வந்தார். ஆச்சி அதற்கு அடுத்த வருடம் காலமானார்.

மறுபடி செய்தால்

வாசகத்தைக் கடைசியில்தான் எழுதுவோம். மேசன் ஐயாவை இரண்டாம் நாள் அல்ல, முதல் நாளே கூட்டிப் போவோம். அவருக்குப் பலகையில் நன்றி எழுதினோம், கூலி கொடுக்கவில்லை. அதுவும் பிழைதான்.

மூத்தவர்களிடம் முதலில் போவோம், கட்டடத்துக்குப் பிறகு. கட்டடத்தை மறு மாதமும் அளக்கலாம். எங்கள் பட்டியலில் இருந்த இன்னும் இரண்டு பேரிடம், தளத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் அவர்கள், போய்ச் சேர்வதற்குள் ஒருவர் நினைவு தப்பிவிட்டார்.

கூரையின் வெடிப்பைக் கவனிக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை போகிறோம். வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, இடைவெளியைக் கொப்பியில் எழுதுகிறோம். மாரிக்குப் பிறகு அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுகிறது.

குண்டு அறையில் நான் தேய்த்த சுவருக்கு எதிர்ச் சுவர் இன்னும் சுண்ணாம்போடு இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வெயில் படி வழியாகச் சரிந்து உள்ளே விழும்போது, சுண்ணாம்புக்கு அடியில் லேசான கறுப்பு நிழல்கள் வரிசையாகத் தெரிகின்றன. எழுத்தாக இருக்கலாம். ஒரு முழம் தள்ளித் தரையில் கயிறு கட்டி வைத்திருக்கிறோம்.